எலும்பு கூடியது, எதனால்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மாலை, கல்லூரியிலிருந்து வீடு திரும்பும்போது என் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தது. உராய்வைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்தியவன் நான். ஈரச் சாலையில் அது எவ்வளவு குறைகிறது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்! வலது காலில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள கணைக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவர் எலும்பை நேராகப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார்.

பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. அத்தை ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். என் மாமியார் நாள் தவறாமல் பிரண்டைத் துவையல் அரைத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர், கட்டுப் பிரித்தபின் தேய்க்கச் சொல்லி ஒரு தைலம் தந்தார்.

பத்தாவது வாரம் எடுத்த எக்ஸ்ரே படத்தில் எலும்பு எதிர்பார்த்த அளவு கூடவில்லை. "சிலருக்குத் தாமதமாகும். பொறுங்கள், சார்" என்றார் மருத்துவர். நான் பொறுத்தாலும் என் நண்பர் ஒருவர் பொறுக்கவில்லை. வேறொரு மருத்துவமனைக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே சொன்னார்கள்: "உங்கள் இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள தட்டணுக்களைத் திரட்டி, முறிந்த இடத்தில் ஊசியாகப் போடுவோம். எலும்பு சீக்கிரம் கூடிவிடும்." கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த எலும்புச் செல்களின் படங்களையும் காட்டினார்கள். முதல் படத்தில் சில செல்கள். அடுத்த படத்தில் ஏராளமான செல்கள். கட்டணமோ என் மாதச் சம்பளத்தில் பாதியை நெருங்கியது.

நான் ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த ஊசி போட்டுக்கொள்ளாதவர்களில் எத்தனை பேருக்கு இதே காலத்தில் எலும்பு கூடுகிறது?"

"சார், எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் நடந்துதான் போகிறார்கள்" என்று பதில் வந்தது.

வெளியே பெஞ்சில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். பேரனின் கைக்கு அதே ஊசி போடுவதற்காகத் தம் கம்மலை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார். என் கேள்விக்கு விடை இல்லை என்பது எனக்கு வெறும் ஏமாற்றம். அந்த அம்மாளுக்கோ அது கம்மலின் விலை. ஆகவேதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இரத்தத்தைப் பிரிக்கும் கருவி

முதலில், அந்த ஊசியில் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது ஒரு குடம் நீர் மொண்டு வைத்துப் பாருங்கள். மணல் முதலில் அடியில் தங்கும். நுண்ணிய வண்டல் அதன்பின் மெல்ல மெல்லப் படியும். துகள் பெரிதாகவும் அடர்த்தி மிகுந்தும் இருந்தால் விரைவில் படியும் என்பது விதி. இரத்தமும் இப்படித்தான். சிவப்பணுக்கள் பெரியவை, அடர்த்தி மிக்கவை. தட்டணுக்களோ மிகச் சிறியவை. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான்தான்.

ஆனால் புவியீர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதனால் இரத்தத்தில் உறையாமை மருந்தைச் சேர்த்து, சுழற்றிப் பிரிக்கும் கருவியில் வைக்கிறார்கள். நிமிடத்திற்கு 1500 சுற்று, சுழற்சியின் ஆரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணத் திசைவேகத்தின் இருமடியை ஆரத்தால் பெருக்கினால், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 375 மடங்கு வருகிறது! கணக்கை நீங்களே போட்டுச் சரிபாருங்கள். இந்த முடுக்கத்தில் சிவப்பணுக்கள் சில நிமிடங்களில் அடிக்குப் போய்விடும். மேலே நிற்கும் மஞ்சள் நிறத் திரவத்தில் தட்டணுக்கள் மிதக்கும். அதை எடுத்து இன்னொரு முறை விரைவாகச் சுழற்றினால் தட்டணுக்களும் அடியில் திரளும். மேலுள்ள தெளிந்த பகுதியைப் பெரும்பாலும் நீக்கிவிட்டால் எஞ்சுவதே 'தட்டணு செறிந்த பிளாஸ்மா'.

நம் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1.5 முதல் 4.5 லட்சம் தட்டணுக்கள் உண்டு. இந்தச் செறிந்த பிளாஸ்மாவில் அது 10 லட்சத்தை எட்டும். ஆக, நம் உடலில் இல்லாத புதுப்பொருள் எதுவும் இதில் இல்லை. இருப்பது மிகுதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஓர் ஒப்பீடு தந்த கண்டுபிடிப்பு

தட்டணு என்றால் இரத்தத்தை உறையவைப்பது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு வேறொரு வேலையும் உண்டு என்பது தெரியவந்த கதை சுவையானது.

ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்க்கும்போது அவற்றிற்குச் சீரம் ஊட்டுவார்கள். சீரம் என்பது இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம். 1974-இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் ரஸ்ஸல் ராஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், தமனிச் சுவரில் உள்ள தசைச் செல்களை இரண்டு வகையாக வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு, முழு இரத்தத்தை உறையவைத்துப் பெற்ற சீரம். மறு பகுதிக்கு, தட்டணுக்களை நீக்கிய பிளாஸ்மாவிலிருந்து பெற்ற சீரம். முதல் பகுதிச் செல்கள் பல்கிப் பெருகின. இரண்டாம் பகுதிச் செல்கள் உயிரோடு இருந்தன, ஆனால் பெருகவில்லை. தட்டணுக்களில் உள்ள பொருளைச் சேர்த்ததும் அவையும் பெருகத் தொடங்கின!

தட்டணுக்கள் தமக்குள் நுண்ணிய பைகளில் சில புரதங்களைச் சேமித்து வைத்திருக்கின்றன. காயம் பட்டதும் அவற்றை வெளியே கொட்டுகின்றன. அண்டையிலுள்ள செல்களுக்கு 'வா', 'பெருகு', 'இரத்தக்குழாய் அமை' என்று கட்டளையிடும் செய்திகள் அவை. இவற்றை வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். ராஸ் குழுவினரின் சோதனை காட்டிய காரணிக்குப் பி.டி.ஜி.எப். என்று பெயர். டி.ஜி.எப்.-பீட்டா, வி.ஈ.ஜி.எப். போன்ற வேறு காரணிகளும் அந்தப் பைகளில் உள்ளன.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? தட்டணு உள்ள சீரத்தை மட்டும் ஊட்டி, "ஆகா, செல்கள் பெருகிவிட்டன" என்று ராஸ் நிறுத்தியிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. தட்டணு இல்லாத சீரத்தை அருகில் வைத்துப் பார்த்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்ததே ஓர் ஒப்பீடுதான். அந்தக் காரணியின் பெயரால் ஊசி போடுகிறவர்கள் ஒப்பீட்டைக் கேட்டால் முகம் சுளிப்பது விந்தை அல்லவா?

கிண்ணம் வேறு, உடல் வேறு

"எலும்புச் செல்கள் கிண்ணத்தில் பெருகுவது உண்மைதானே? பிறகு காலில் மட்டும் ஏன் பெருகாது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு எலும்பு எப்படிக் கூடுகிறது என்று தெரிய வேண்டும்.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. உறைந்த இரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன. அவை காரணிகளைக் கொட்டுகின்றன. வெள்ளணுக்கள் வந்து சிதைந்தவற்றை அகற்றுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் முறிந்த முனைகளுக்கு நடுவே குருத்தெலும்பால் ஒரு மெத்தென்ற பாலம் உருவாகிறது. பின்னர் அதில் கால்சியம் உப்புகள் படிந்து, எலும்பாக்கும் செல்களின் உழைப்பால் பாலம் கெட்டிப்படுகிறது. அதன்பின் எலும்பரிக்கும் செல்கள் வேண்டாத பகுதியை அரித்தெடுக்க, எலும்பாக்கும் செல்கள் வேண்டிய இடத்தில் கட்ட, எலும்பு பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது. இந்தச் செதுக்கு வேலை மாதக் கணக்கில், ஏன், ஆண்டுக் கணக்கிலும் நடக்கும்.

ஆக, முறிந்த இடத்திற்குத் தட்டணுக்களை இயற்கையே முதல் நாளிலேயே அனுப்பிவிடுகிறது. மேலும் அனுப்பினால் மேலும் பயன் உண்டா என்பதே கேள்வி. ஒரு வீட்டிற்குக் கல்யாணப் பத்திரிகையை மூன்று முறை வைத்தாலும், வரக்கூடியவர்கள் அந்த வீட்டில் இருக்கும் பேர்தானே!

கணக்கு அதைவிடச் சிக்கலானது. தூண்டப்பட்ட தட்டணுக்கள் தம் காரணிகளில் பெரும்பகுதியை முதல் ஒரு மணி நேரத்திலேயே கொட்டிவிடுகின்றன. எலும்புக்கோ பல வாரங்கள் வேண்டும். தவிர, செல்கள் எண்ணிக்கையில் பெருகுவது வேறு, முதிர்ந்து எலும்பைக் கட்டுவது வேறு. பி.டி.ஜி.எப். முதன்மையாகத் தூண்டுவது பெருக்கத்தைத்தான். அளவும் முக்கியம். முயல்களின் தொடை எலும்பில் செய்த ஓர் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. கன மில்லிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் தட்டணுக்கள் இருந்தபோது நன்மை தெரிந்தது. குறைந்தால் பயன் போதவில்லை. மிக மிகுந்தபோதோ எலும்பு வளர்ச்சி தடைப்பட்டது!

இயற்பியல்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்தி வந்தால் மட்டும் போதாது. கட்டுவதற்கு அசையாத இடமும் வேண்டும். எலும்புத் திசு ஏறத்தாழ 2 சதவீதத் திரிபைத்தான் தாங்கும். குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம் தாங்கும். தொடக்கத்தில் தோன்றும் மென்திசு 100 சதவீதம்வரைகூடத் தாங்கும். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஸ்டீபன் பெரன் 1970-களின் இறுதியில் விளக்கிய கருத்து இது. முறிந்த முனைகளுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி, அசைவு 0.1 மி.மீ. என்றால் திரிபு எவ்வளவு? 10 சதவீதம். அங்கே குருத்தெலும்பு பிழைக்கும், எலும்பு பிழைக்காது. எந்த ஊசி போட்டாலும் இந்த வகுத்தல் கணக்கு மாறாது. மாவுக்கட்டும் தகடும் திருகும் செய்யும் வேலை இந்த அசைவைக் கட்டுப்படுத்துவதே.

மனிதரில் கண்டது என்ன?

இனி, மனிதர்களிடம் செய்த ஒப்பீடுகளைப் பார்ப்போம்.

1998-இல் அமெரிக்காவில் ராபர்ட் மார்க்ஸ் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும், தாடை எலும்பில் ஒட்டு வைக்க வேண்டியிருந்த 88 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எலும்பு ஒட்டு மட்டும். மறு குழுவுக்கு ஒட்டோடு தட்டணு செறிந்த பிளாஸ்மாவும். ஆறு மாதங்களில் பிளாஸ்மா சேர்ந்த ஒட்டுகள் அதிக முதிர்ச்சியோடு இருந்தன. உலகமெங்கும் ஆர்வத்தைக் கிளப்பிய ஆராய்ச்சி இது. தாடையில் பலித்தது காலிலும் பலிக்கும் என்று பலர் எண்ணினார்கள்.

2012-இல், கை கால் நீள எலும்புகளில் இம்முறை பயன் தருகிறதா என்று முறையான ஒப்பீட்டு ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பினர் திரட்டிப் பார்த்தார்கள். தகுதி வாய்ந்ததாக அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 21 பேர்! 14 ஆண்டு ஆர்வத்திற்குப் பிறகும் கையில் இருந்த சான்று அவ்வளவுதான்.

மறு ஆண்டு இங்கிலாந்தில் வாரிக் பகுதியில் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. இடுப்பருகே தொடை எலும்பின் கழுத்து முறிந்த 65 வயதும் அதற்கு மேலுமான 200 பேர் அதில் பங்கேற்றார்கள். யாருக்குப் பிளாஸ்மா என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறை முடிவு செய்தது. ஓர் ஆண்டு கழித்து, மறுபடி அறுவை தேவைப்பட்டவர்களை எண்ணினார்கள். பிளாஸ்மா பெற்றவர்களில் அது சற்றுக் குறைவு, வேறுபாடு 5.6 சதவீதம்.

"அப்படியானால் பயன் இருக்கிறதே!" என்று துள்ளாதீர்கள். நீங்களும் உங்கள் நண்பரும் ஆளுக்கு 80 முறை நாணயத்தைச் சுண்டுங்கள். உங்களுக்கு விழுந்த தலைகளும் அவருக்கு விழுந்த தலைகளும் சமமாக இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. ஐந்து, ஆறு வேறுபாடு வருவது மிகச் சாதாரணம். அதனால் உங்கள் நாணயம் சிறந்தது என்று ஆகிவிடுமா? வாரிக் ஆய்வில் கண்ட வேறுபாடும் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். பின்னர் வந்த சில ஆய்வுகள் பயன் உண்டு என்கின்றன. சில இல்லை என்கின்றன.

வளர்ச்சிக் காரணியே பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஈறு நோயால் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்த இடத்தில் இடுவதற்குத் தூய பி.டி.ஜி.எப். கலந்த ஒரு பொருளை அமெரிக்க அரசு 2005-இல் அனுமதித்தது. அது ஒப்பீட்டுச் சோதனையைக் கடந்து வந்த பொருள். எந்தக் காரணி, எந்த எலும்பில், எவ்வளவு, எப்போது என்ற கேள்விகளுக்கு ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே விடை தேட வேண்டும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

என் துறையும் விதிவிலக்கல்ல

இயற்பியல்காரர் மருத்துவர்களைக் குறை சொல்ல வந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். மென்மையான மீயொலி அலைகளைத் தோலின் மேலிருந்து செலுத்தினால் எலும்பு விரைவில் கூடும் என்று ஒரு கருவி 1994-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆய்வுக்கூடத்தில் மீயொலி பட்ட செல்கள் சுறுசுறுப்படைந்தன. விளக்கமும் அழகாக இருந்தது. 2016-இல் கணைக்கால் எலும்பு முறிந்த 501 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. பாதிப் பேருக்கு உண்மைக் கருவி. மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள, அலை எழுப்பாத பொய்க் கருவி. யாரிடம் எது உள்ளது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு? இரு சாராருக்கும் எலும்பு கூடுவதில் வேறுபாடு இல்லை!

விளக்கம் அழகாக இருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. இயற்பியல் எனக்குக் கற்பித்த பாடம் இது. எலும்பு முறிவு இதை இன்னும் ஆழமாகக் கற்பித்தது.

நான் வேண்டுவது

என் கருத்து இதுதான். பயன் இன்னும் உறுதிப்படாத சிகிச்சையை, உறுதிப்பட்டது போலச் சொல்லிப் பணம் வாங்கக் கூடாது. "இது சோதனை நிலையில் உள்ளது. இல்லாமலும் பெரும்பாலானோருக்கு எலும்பு கூடும்" என்ற இரண்டு வாக்கியங்களை நோயாளியின் மொழியில் சொல்ல வேண்டும். அந்த மூதாட்டியிடம் இதை யாராவது சொல்லியிருந்தால், கம்மலை அடகு வைப்பதா வேண்டாமா என்று அவர் தெரிந்து முடிவு செய்திருப்பார்.

அடுத்து, நம் அரசு மருத்துவமனைகளுக்கு எலும்பு முறிந்து வருபவர்கள் ஏராளம். முறையான ஒப்பீட்டு ஆய்வுகளை இங்கேயே செய்யலாம். அத்தகைய ஆய்வுகளை முன்கூட்டியே பதிவு செய்ய 2007 முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. இலவசமாகச் சிகிச்சை அளித்து, குலுக்கல் முறையில் குழு பிரித்து, நல்ல முடிவோ கெட்ட முடிவோ வெளியிட வேண்டும்.

"வலியில் துடிப்பவரிடம் குலுக்கல் போடுவதா? இது கொடுமை" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எது நல்லது என்று தெரிந்திருந்தால் குலுக்கலே தேவையில்லையே! தெரியாமல் எல்லாருக்கும் ஊசி போடுவதும் ஒரு சோதனைதான். யாரும் எதையும் கற்றுக்கொள்ளாத சோதனை. அதற்கான செலவையும் நோயாளியே ஏற்கிறார். எது கொடுமை என்று நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் உங்களுக்கு. பள்ளியில் அவரை விதைக்கு உரமிட்டு வளர்க்கும் சோதனை செய்வீர்கள். உரமிடாத ஒரு தொட்டியையும் அருகில் வையுங்கள். ஒரு விதை போதாது. இருபது விதை போடுங்கள். அளப்பவருக்கு எது எந்தத் தொட்டி என்று தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத பழக்கம் இது. வாழ்நாள் முழுவதும் உதவும்.

என் கால் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றி நடந்தேன். ஐந்தாம் மாதம் எலும்பு கூடியது. சூப்பினால்தான் என்கிறார் அத்தை. பிரண்டையை மறந்துவிடாதே என்கிறார் மாமியார். தைலம் தந்த பெரியவர் எதுவும் சொல்லாமல் பெருமையோடு புன்னகைக்கிறார். ஊசி போட்டிருந்தால் ஊசியால்தான் என்று நானே உங்களிடம் வந்து சாட்சி சொல்லியிருப்பேன். இயற்பியல் ஆசிரியரே சொல்கிறார் என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள்!

அதனால், ஊசி இல்லாமல் என் கால் கூடியதை வைத்து ஊசி வேண்டாம் என்றும் முடிவு கட்டாதீர்கள். ஒரு கால் ஒரு கால்தான். அது எதையும் நிரூபிப்பதில்லை.

யாராவது உங்களிடம் "இதனால் குணமாயிற்று" என்று சொன்னால், மரியாதையோடு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எதனோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?" விடை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார். தெரியாதவர், தேடத் தொடங்குவார் என்று நம்புவோம். அந்தப் பேரனின் கை இந்நேரம் நன்றாகவே கூடியிருக்கும். பாட்டியின் கம்மலும் மீண்டிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.